டோபமைன் ஒன்று, வேலை ஏன் இரண்டு? விளக்க முடியுமா?

வணக்கம். உயிரியல் உளவியல் படிக்கிறேன். சினாப்ஸ் (நரம்பு செல்கள் செய்தி கடத்தும் சந்திப்பு) பாடத்தில் ஒரே இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

1921-ல் ஆட்டோ லோவி தவளை இதயத்தில் காட்டியது புரிகிறது. இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் இதயத் துடிப்பைக் குறைக்கிறது. அதே பொருள்தான் கை கால் தசையைச் சுருங்க வைக்கிறது! தசையிலுள்ள ஏற்பி (அந்தப் பொருளைப் பிடிக்கும் புரதம்) சோடியத்தை உள்ளே விடுகிறது. இதயத்தில் உள்ளதோ பொட்டாசியத்தை வெளியேற வைக்கிறது. ஆக, தூண்டுவதா தடுப்பதா என்று முடிவு செய்வது ஏற்பிதான். இது விளங்கியபோது அவ்வளவு சந்தோஷம். சரிதானே?

சிக்கல் ஸ்ட்ரையேட்டத்தில், அதாவது அசைவைக் கட்டுப்படுத்த உதவும் மூளைப் பகுதியில். டோபமைன் என்ற வேதிப்பொருள் அங்கே டி1 ஏற்பியுள்ள நியூரான்களை (நரம்பு செல்களை) தூண்டுகிறது, டி2 உள்ளவற்றை அடக்குகிறது. ஆனால் இரண்டுமே அசைவை எளிதாக்குகின்றன என்கிறார்கள். டி1 நியூரான்களில் தொடங்கும் நேர்ப்பாதை புரிந்துவிட்டது. டி2 நியூரான்களில் தொடங்கும் மறைமுகப் பாதையில் ஒரு காபா (தடுக்கும் வேதிப்பொருள்) நியூரான் இன்னொரு காபா நியூரானைத் தடுக்க, அது சப்தலாமிக் கரு என்ற இன்னொரு மூளைப் பகுதியைத் தடுக்க... தடுப்பதைத் தடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணும்போதே குறி மாறி, விடை தலைகீழாக வருகிறது.

டோபமைன் இருக்கும்போது, பார்கின்சன் நோயில் போல அது குறையும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் எது கூடும், எது குறையும் என்று யாராவது வரிசையாக எழுதித் தருவீர்களா? கையால் வரைந்த படமானாலும் போதும்.