பள்ளி இணைப்பு: அண்ணன் ஸ்கூல் நடத்தும்போது தம்பி கவுன்சிலர் ஓட்டுப் போடலாமா?

வண்ணை வாசகன்:
எந்த வார்டு என்று சொல்லப் போவதில்லை, வட சென்னை என்பது போதும். நாலு தெரு இடைவெளியில் இரண்டு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஒன்றை மூடி இன்னொன்றோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு ஓடுகிறது. குறைந்தது உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூடச் சொல்கிற பள்ளிக்கு எதிர்ச் சந்தில் ஒரு நர்சரி பிரைமரி இருக்கிறது, அதை நடத்தும் டிரஸ்ட்டில் கவுன்சிலரின் கூடப்பிறந்த அண்ணன் அறங்காவலர், இந்த யோசனையை முதலில் கிளப்பியதும் அதே கவுன்சிலர். கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகூட கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எல்கேஜி சேர்ந்தால் அந்தப் பணத்தை அரசு அந்தப் பள்ளிக்குத் தந்துவிடும் (எப்போது தரும் என்பது தனிக்கதை). அதனால் லாபம் எந்தப் பக்கம் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படித் தொடர்பு இருப்பவர் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பொருள் மன்றத்தில் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும் என்கிறேன். நீங்கள்?

கேட்டுக்கு அந்தப் பக்கம்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடந்தால் நஷ்டம் நமக்கு. 200 பேர் உட்காரும் மன்றத்தில் நம் தெருவைத் தெரிந்தவர் அந்த ஒருத்தர்தான். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டால் பள்ளிக்குப் போகிற பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கும் என்று அடையாறு கவுன்சிலருக்கு என்ன தெரியும்? அவரை வெளியே அனுப்பிவிட்டால் கமிஷனர் ஆபீசில் மேப்பைப் பார்த்துக் கோடு போட்டதுதான் முடிவு. அப்புறம், உறவு என்றால் எது வரைக்கும் உறவு? இங்கேயே பிறந்து வளர்ந்த யாரை எடுத்தாலும் ஒரு மாமன் டியூஷன் சென்டர் வைத்திருப்பார், ஒரு சித்தி சத்துணவு அமைப்பாளர், ஒரு மச்சான் பள்ளிக்கு வெள்ளையடித்த கான்ட்ராக்டர். எல்லாரையும் எழுப்பி விட்டால் ஹாலில் மிஞ்சப் போவது மைக் செட்காரர்தான்.

வியாசை வக்கீல்:
கான்ட்ராக்டர் விஷயத்துக்குச் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் கவுன்சிலர் பதவியே போகும் என்பது 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலேயே இருந்தது. சிக்கல் ஒப்பந்தமே இல்லாமல் வரும் லாபத்தில். 1969-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கிரைபக் வழக்கைப் பாருங்கள். ஜம்மு காஷ்மீரில் வனப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில், அதே பணிக்குப் போட்டியில் இருந்த அதிகாரி ஒருவரும் உறுப்பினர். தன் பெயர் வந்தபோது விலகிக்கொண்டார், போட்டியாளர்கள் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தேர்வே ரத்தானது. அவர் பாரபட்சம் காட்டினார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, காட்டியிருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்றார்கள். ஆகவே வண்ணை சார் கேட்பதே எனக்குக் குறைவாகப் படுகிறது. முந்தின நாளே கட்சிக்காரர்களிடம் பேசி முடித்துவிட்டு, மறுநாள் ரிப்பன் மாளிகையில் யோக்கியமாக எழுந்து வெளியே போனால் என்ன பிரயோஜனம்?

கேட்டுக்கு அந்தப் பக்கம்:
வக்கீல் சார், அது வேலைக்கு ஆள் எடுத்த குழு. இது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பின மன்றம். இரண்டுக்கும் ஒரே அளவுகோலா? "பள்ளியை மூட விடமாட்டேன்" என்று வாக்குக் கேட்டு ஜெயித்தவரையும் முன்முடிவோடு வந்துவிட்டார் என்று எழுப்பி விடுவீர்களா?

டோல்கேட் அம்மா:
ரெண்டு பேரும் மன்றத்தை விட்டு இறங்க மாட்டீர்களா? என் பையன் மூன்றாவது படிக்கிறான், மூடப் போவதாகச் சொல்கிற மாதிரி ஒரு பள்ளியில்தான். விதிப்படி ஐந்தாவது வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். இருக்கும், மேப்பில். நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை குறுக்கே கிடக்கிறது. காலை டிபன் பள்ளியில் என்பதால் பிள்ளை சீக்கிரமே கிளம்ப வேண்டும், நான் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பேன், கையைப் பிடித்துக் கடக்க வைப்பது முட்டி வலிக்கிற என் மாமியார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. நானும் அதில் இருக்கிறேன். நோட்டில் மேலே எதுவும் எழுதாமல், கீழே எங்கள் பெயருக்கு நேராகக் கையெழுத்து மட்டும் வாங்கின பக்கம் எனக்குத் தெரியும். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. ஆக அங்கேயும் கவுன்சிலர், மன்றத்திலும் கவுன்சிலர், எதிர்ச் சந்தில் அவர் அண்ணன். இதையும் கணக்கில் எடுங்கள்.

முன்னாள் எழுத்தர்:
வேறொரு நகராட்சியில் வேலை பார்த்தவன் நான், அனுபவத்தில் சொல்கிறேன். அஜெண்டா தடிப் புத்தகமாக வரும். பேச எழுந்தவர்கள் தெரு விளக்கு, கழிவுநீர், குப்பை வண்டி என்று பேசி முடிப்பார்கள், கடைசியில் பொருள் எண் ஒன்று முதல் இத்தனை வரை என்று மொத்தமாக மேசையைத் தட்டி நிறைவேற்றி விடுவார்கள். இதில் யார் எந்தப் பொருளுக்கு எழுந்து போவது? பள்ளி இணைப்பைத் தனியாக எடுத்து, விலகியவர் பெயரையும் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினால்தான் இந்த விதிக்கு அர்த்தம். உண்மையான பேச்சு நடப்பது கல்வி நிலைக்குழுவில், விலகல் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இன்னொன்று. வேட்புமனுவோடு தருகிற சொத்துக் கணக்கை நம்பாதீர்கள், டிரஸ்ட் சொத்து தன் சொத்து இல்லை என்று அதில் காட்டாமலே விடலாம். பெண் கவுன்சிலர் என்றால் ஆபீசுக்கு வந்து பேசுகிறவர் வீட்டுக்காரராக இருப்பார், அவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்பதுதான் நிஜமான கேள்வி.

வண்ணை வாசகன்:
எழுத்தர் ஐயா சொன்னது இங்கிலாந்தில் நடைமுறையிலேயே இருக்கிறது. அங்கே 2011 சட்டப்படி ஜெயித்த 28 நாளுக்குள் தன் பண நலன்களைப் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும், கணவன் மனைவியின் நலனும் சேர்த்தி. மறைத்துவிட்டு ஓட்டுப் போட்டால் கிரிமினல் குற்றம். கேட்டுத் தம்பி பயந்ததற்கும் அதிலேயே பதில் இருக்கிறது: முன்பே ஒரு பக்கம் பேசியிருந்தார் என்பதை மட்டும் வைத்து, மனதை மூடிக்கொண்டு வந்தார் என்று சொல்ல முடியாது. பள்ளியை மூட விடமாட்டேன் என்று ஓட்டுக் கேட்டவர் தாராளமாக உட்காரலாம். பணம் சம்பந்தப்பட்டவர்தான் எழ வேண்டும்.

கேட்டுக்கு அந்தப் பக்கம்:
அண்ணே, நீங்கள் கொண்டு வந்த சட்டத்தையே படித்தேன். கணவன், மனைவி, சேர்ந்து வாழ்பவர். அண்ணன் தம்பி அதில் இல்லை! உங்கள் கவுன்சிலர் அங்கே இருந்தாலும் அந்தப் பட்டியலை வைத்து அவரைப் பிடிக்க முடியாது. நிறையப் பேர் விலகி வேலையே நின்றுபோகும் நிலை வந்தால் விலக்குக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். நான் முதலில் சொன்னதைத்தான் அவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

வண்ணை வாசகன்:
சரி, அண்ணன் அங்கே இல்லை. இங்கே ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி குடும்பம் நடத்துகிற ஊர், நம் விதியில் அண்ணன் வரத்தான் வேண்டும். அங்கிருந்து அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லையே.

வியாசை வக்கீல்:
வேல்ஸ் நாட்டு நடத்தை விதி இன்னும் விரிவு, நெருங்கிய உறவும் சிநேகமும் அதில் வரும். அதில் ஒரு வழியும் உண்டு. பொதுமக்கள் வந்து பேச அனுமதி உள்ள கூட்டம் என்றால், நலன் உள்ள உறுப்பினரும் வந்து தன் கருத்தைச் சொல்லலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம், சொன்னதும் போய்விட வேண்டும். கேட்டுத் தம்பிக்கு இது போதுமா?

கேட்டுக்கு அந்தப் பக்கம்:
இதற்கு ஒத்துக்கொள்வேன். கேட், லாரி, மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லட்டும், பதிவாகட்டும், ஓட்டுக்கு முன்னால் போகட்டும். ஆனால் டியூஷன் மாமனை இழுக்காதீர்கள்.

வண்ணை வாசகன்:
மாமன் வேண்டாம். ஃபீஸ் வாங்குகிற பள்ளி, பள்ளிக்கு வாடகைக்கு விட்ட கட்டடம், மூடப் போகும் பள்ளிக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்ட மனை. இந்த மூன்று மட்டும்.

டோல்கேட் அம்மா:
நாலாவதாக ஒன்று. தீர்மானம் எழுதாத நோட்டில் யாரும் கையெழுத்து வாங்கக் கூடாது. மேலாண்மைக் குழு பெற்றோரைத் தனியாகக் கூட்டி, கவுன்சிலர் இல்லாமல் கேட்டு, அதையும் மன்றப் பொருளோடு இணைக்க வேண்டும். இப்படி மனுப் போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது.

கேட்டுக்கு அந்தப் பக்கம்:
மனுவை யாரிடம் கொடுப்பீர்கள் அக்கா? வார்டு கமிட்டிக்குத் தலைவர் அதே கவுன்சிலர்தான்.

வியாசை வக்கீல்:
வார்டு கமிட்டிக்கு ஒன்று, கல்வி நிலைக்குழுவுக்கு ஒன்று, கமிஷனருக்கு ஒன்று. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இன்று ராத்திரி நான் டிராஃப்ட் போடுகிறேன், டிரஸ்ட் பெயரை அதில் எழுத வேண்டாம், விதியை மட்டும் கேட்போம்.