புதுப்பிப்பு: வீடியோ அழைப்பின் பின்னணி மங்கலில் காதும் முடியும் ஏன் வெட்டுப்படுகின்றன?

வாட்ஸ்அப் வீடியோ அழைப்புக்கு, ஐபோனில் கன்ட்ரோல் சென்டரைத் திறந்து, வீடியோ எஃபெக்ட்ஸில் 'போர்ட்ரெய்ட்' போட்டால் பின்னணி மங்கும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். ஒரு திருத்தம்: கேமரா ஓடும்போதுதான் அந்தப் பொத்தான் தென்படும். ஆகவே முதலில் அழைப்பைத் தொடங்குங்கள். குறைந்தது ஐஓஎஸ் 15-உம், எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பிந்தைய மாடலும் வேண்டும்.

ஆண்ட்ராய்டுக்கு வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த வசதி அது. அழைப்புத் திரையின் எஃபெக்ட்ஸ் ஐகானைத் தொட்டு, பின்னணிகளில் மங்கலைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் வாட்ஸ்அப்பிலும் இது உண்டு; ஆனால் இதையும் போர்ட்ரெய்ட்டையும் சேர்த்துப் போடாதீர்கள். போன் சூடாகும், ஓரமும் கெடும்.

பலர் கேட்டது காது, முடி வெட்டுப்படுவது பற்றி. ஆள் எது, பின்னணி எது என்று மென்பொருள் வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தனிப்படத்திலும்) ஊகிக்கிறது. முகம் இருட்டாக இருந்தால், கறுப்பு முடிக்கும் பின்னால் உள்ள பழுப்பு அலமாரிக்கும் எல்லை தெரியாது. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விடாமல் முகத்துக்கு எதிரே வைத்து உட்காருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். உயரமான நாற்காலியின் முதுகுப்பகுதியையும் மென்பொருள் தோளோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னால் நடந்துபோகிறவரை இது மறைக்கும் என்று நம்பாதீர்கள். அவரும் ஆள்தான், பளிச்சென்று தெரியலாம். வங்கியின் வீடியோ கேஒய்சியில் (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு அழைப்பில்) நடப்பது நேர்மாறு: நீட்டிய பான் கார்டைப் பின்னணி என்று எண்ணி மங்கலாக்கிவிடக்கூடும். அந்த அழைப்பில் கார்டைக் காட்டும் முன் மங்கலைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.