குறித்த நாளைத் தாண்டியும் ஸ்டென்ட் உள்ளே இருக்கலாமா?

உவர்மலைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. தொழில் நில அளவை. ஆனி, ஆடி மாதங்களில் குச்சவெளிப் பக்கத்து வெட்டவெளியில் கச்சான் காற்று முகத்தைச் சுட்டெரிக்க நாள் முழுவதும் நின்றுவிட்டு, காலையில் கொண்டுபோன ஒரு போத்தல் தண்ணீரில் பாதியை மாலையில் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருகிற ஆள் நான். நான்கு வருடங்களுக்கு முன்னர் ஒரு சிறு சிறுநீரகக் கல் தானாகவே விழுந்தது. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இம்முறை ஆடி மாதத்து ஓர் இரவில் இடது விலாவின் கீழே தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்கியது. இருக்கவும் முடியாமல், படுக்கவும் முடியாமல், குசினிச் சீமெந்துத் தரையில் விடியும்வரை உருண்டேன். மருந்துக்கடையில் டைக்ளோபெனாக் மாத்திரை வாங்கி மூன்று நாட்கள் விழுங்கியதில் வலி முற்றாக நின்றது. கல் விழுந்துவிட்டது என்று எண்ணி வேலைக்கும் போய்விட்டேன். நான்காம் நாள் மாலை பல்லோடு பல் அடிக்கும் நடுக்கமும் கடுங்காய்ச்சலும் வந்ததும், மனைவி என்னை முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். 9 மில்லிமீற்றர் அளவுள்ள கல் இடது சிறுநீர்க்கானின் (சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின்) மேற்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பதும், அதனால் சிறுநீரகம் வீங்கியிருப்பதும் ஸ்கானில் தெரிந்தன. கல்லை எடுக்காமல், அன்றிரவே சிறுநீர் வடிவதற்காக அதனுள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை மட்டும் வைத்தார்கள். ஆறு வாரங்களில் வந்தால் லேசர் மூலம் கல்லை உடைத்து ஸ்டென்ட்டையும் எடுத்துவிடலாம் என்றார்கள்.

இப்போது பதினொரு வாரங்கள் ஆகின்றன. முதலாவது திகதி இயந்திரக் கோளாறினால் தள்ளிப்போனது. இரண்டாவதை, மகளின் சாமத்திய வீடு காரணமாக நானே தள்ளிப்போட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிய திகதிக்கான அறிவித்தல் இன்னும் வரவில்லை. வெளிவேலைக்குப் போய் நடந்த நாட்களில் சிறுநீர் வெறுந்தேநீரின் நிறத்தில் போகிறது. சிறுநீர் கழிக்கும் கணத்தில் இடது முதுகில் யாரோ விரலால் அழுத்துவது போன்ற வலி எழுகிறது. அறிவித்தல் வரும்வரை காத்திருக்கலாமா? தேங்காய்ப்பூக்கீரையும் நெருஞ்சியும் அவித்த தண்ணீரை மாமி தினமும் தருகிறார். அதனால் இந்தக் கல் கரையுமா?

கிண்ணியா நண்பன் எழுதியது:

சகோதரரே, காத்திருக்க வேண்டாம். எனக்கும் இதே ஸ்டென்ட்தான் வைத்தார்கள். வலி நின்றதும், ஏற்கெனவே கையில் இருந்த விசாவில் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டேன். கிளினிக் கொப்பி உம்மாவின் அலுமாரியில் கிடந்தது; உள்ளே ஒரு குழாய் இருக்கிறது என்ற நினைவே எனக்கு இல்லை. பதினான்கு மாதங்கள் கழித்து லீவில் வந்தபோது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று போய் எக்ஸ்ரே எடுத்தோம். ஸ்டென்ட்டின் இரு முனைகளும் பன்றிவால் போலச் சுருண்டிருக்கும் அல்லவா? அந்தச் சுருள்கள் இரண்டின் மேலும் கல் வளர்ந்திருந்தது. நம் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் ஒரு வெள்ளைப் படிவு இறுகிப்போயிருக்கும், சுரண்டினாலும் வராது. எடுத்து முடித்த பிறகு அவர்கள் காட்டிய குழாய் அப்படித்தான் இருந்தது.

அதை எடுக்க எனக்கு மூன்று சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. முதலில் சிறுநீர்ப்பைக்குள் இருந்த முனையை லேசரால் உடைத்தார்கள். பிறகு சிறுநீர்க்கானுக்குள் ஒட்டியிருந்த பகுதியை விடுவித்தார்கள். கடைசியில் முதுகில் துளையிட்டு மேல்முனையை எடுத்தார்கள். அதன் பின், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கச் செய்த டி.எம்.எஸ்.ஏ. ஸ்கானில், மொத்த வேலையில் எனது இடது சிறுநீரகத்தின் பங்கு 28 வீதம்தான் என்று வந்தது. இவ்வளவுக்கும் இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினின் அளவு ஒருநாளும் கூடவில்லை; நல்ல சிறுநீரகம் மற்றதன் சுமையையும் சேர்த்துச் சுமந்துவிடுகிறதாம். ஆகவே, "இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பாலையூற்று அக்கா எழுதியது:

தம்பி, நான் முப்பது வருடங்களுக்கு மேல் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள், வைத்தியர் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நீங்கள் சொல்லும் இரு தொல்லைகளும் ஸ்டென்ட் வைத்த பலருக்கு வருபவைதான். சிறுநீர்ப்பையில் இருந்து சிறுநீர் மேலே திரும்பாதபடி சிறுநீர்க்கானின் வாயில் இயற்கையாகவே ஒரு தடுப்பு உண்டு. குழாய் அந்த வாயைத் திறந்தே வைத்திருப்பதால், கழிக்கும்போது சிறிதளவு மேலே ஏறி முதுகில் வலிக்கிறது. நடக்கும்போது குழாய் உரசுவதால் இரத்தம் கலக்கிறது. தண்ணீர் குடித்ததும் நிறம் தெளிந்தால் பயமில்லை. ஆனால் இரத்தம் கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, பெனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அந்த நேரமே புறப்பட வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் தேங்கும் கிருமி சில மணித்தியாலங்களில் இரத்தத்துக்குள் பரவிவிடும். அன்றிரவு கல்லைத் தொடாமல் விட்டதும் இதனால்தான்: கிருமி இருக்கும்போது கல்லைக் குடைந்தால் அதை நாமே இரத்தத்துக்குள் தள்ளியதாகிவிடும். முதலில் வடிகால், பிறகுதான் கல்.

மாமியின் கசாயத்தைப் பற்றிச் சொல்வதானால், அதோடு உள்ளே போகும் தண்ணீர் நல்லது. ஆனால் 9 மில்லிமீற்றர் கல்சியக் கல்லை எந்த இலையும் கரைக்காது. யூரிக் அமிலக் கல்லுக்கு மட்டும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்து கொடுத்துக் கரைக்க முடியும். யாராவது பிலிம்பிச் சாறோ காமரங்காய்ச் சாறோ குடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கல்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஒட்சலேற்று அவற்றில் நிறைய உண்டு; அது சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும். தண்ணீர் குடிக்காத உடம்பில் மூன்று நாட்கள் டைக்ளோபெனாக் போட்டதும் சிறுநீரகத்துக்கு உகந்ததல்ல. வலி நின்றதே என்று வேலைக்குப் போனீர்கள். அடைப்பு அப்படியே இருக்க, வலி மட்டும் அடங்குவது உண்டு.

அறிவித்தலுக்காகக் காத்திராமல், கிளினிக் நாளில் கொப்பியோடு நேரே போய், எத்தனை வாரங்கள் ஆகிவிட்டன என்பதை வாய்திறந்து சொல்லுங்கள். ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குழாயில் படிவு இருந்தால் பெரும்பாலும் தெரியும். இயந்திரம் இன்னும் திருத்தப்படவில்லை என்றால், அந்த வசதி உள்ள வேறொரு அரசாங்க வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். கல்லோடு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மூன்று மாதத்தைத் தாண்ட விடுவது நல்லதல்ல.

நிலாவெளிக்காரன் எழுதியது:

எனக்கு 4 மில்லிமீற்றர் கல் இருந்தது. இரண்டு நாட்கள் பியர் குடித்தேன், விழுந்துவிட்டது. ஏன் இத்தனை கலவரம்?

பாலையூற்று அக்கா எழுதியது:

4 மில்லிமீற்றர் கற்களில் பெரும்பாலானவை ஒன்றும் குடிக்காவிட்டாலும் விழுந்துவிடும், தம்பி. பெயர் மட்டும் பியருக்குப் போகிறது. அது சிறுநீரைக் கூட்டிவிட்டுப் பிறகு உடம்பை வறட்டும். அடைபட்ட குழாய்க்கு மேலே சிறுநீரைக் கூட்டினால் வலிதான் கூடும்.

உவர்மலைத் தம்பிக்கு இன்னும் ஒன்று. கல் எடுத்த பிறகு, பயந்து பாலையும் தயிரையும் நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டோடு சேரும் கல்சியம், ஒட்சலேற்றைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பு. கருவாடும் அதற்குள் அடக்கம். உப்புக் கூடினால் சிறுநீரில் கல்சியம் கூடும். ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் சிறுநீராவது போகும்படி குடிக்க வேண்டும், வெளிவேலைக்காரர் வியர்வைக்கும் சேர்த்துக் குடிக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது, உப்புப் போடாமல். கச்சான் காற்றுக் காலத்தில் கச்சான் கொறிப்பதையும் கொஞ்சம் குறையுங்கள். அதிலும் ஒட்சலேற்று உண்டு.

உவர்மலைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிளினிக்குக்கு நேரே போனேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்த வைத்தியர், "ஏன் இவ்வளவு நாள்?" என்றுதான் முதலில் கேட்டார், சாமத்திய வீட்டைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. எக்ஸ்ரேயில் கீழ்ச்சுருளில் மெல்லிய படிவு தெரிந்ததால், பட்டியலில் என்னை முன்னே எடுத்தார்கள். கிருமி இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனை வந்த பிறகு, கடந்த வியாழக்கிழமை லேசர் சிகிச்சை முடிந்தது. பழைய குழாய் சற்று இழுத்துப் பிடித்தே வந்ததாம்.

உடைந்த துண்டுகளை ஒரு சிறு குப்பியில் தந்தார்கள்; கருமை கலந்த கபில நிறம், கறிக்கு உடைத்த மிளகு போல இருக்கின்றன. அவற்றைப் பகுப்பாய்வுக்குக் கொடுத்திருக்கிறேன். வீக்கம் வற்றும்வரை பத்து நாட்களுக்குப் புதிய ஸ்டென்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள், எடுப்பது வரும் திங்கட்கிழமை. கிண்ணியாச் சகோதரரே, கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போகவில்லை. குசினிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார் மனைவி.