'மிகை யதார்த்தம்' என்று யார் சொன்னது?

சொற்கொல்லன்:
சர்ரியலிசத்துக்குத் தமிழ்ச்சொல் என்ன என்று கேட்டதற்குப் பக்கத்து இழையில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "கனவுபோல எது இருந்தாலும் மிகை யதார்த்தம், எதிர்ச்சொல் நனவு." இரண்டும் தப்பு. மிகை என்றால் அளவு கூடியது. மிகைநடிப்பு, மிகைப்படுத்தல். சர்ரியலிச ஓவியர் டாலி 1931இல் வரைந்த உருகும் கடிகாரங்களில் எது கூடிப்போச்சு? முள், எண், நிழல் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. உலோகம் துணிபோலத் தொங்குகிறது, அவ்வளவுதான். புகைப்படமே தோற்கும் துல்லியத்தில் 1970களில் வரைந்தார்களே, அதற்கு வையுங்கள் 'மிகை'யை. இதற்கு மீயதார்த்தம்.

மழைக்குருவி:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1917இல் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் உண்டாக்கிய சர்ரியல் என்ற சொல்லில் 'சர்' என்றால் பிரெஞ்சில் 'மேல்'. சர்சார்ஜை மிகைவரி என்கிறோமே, அங்கே இருப்பதும் அதே 'சர்'. அங்கே சரி, இங்கே தப்பா?

சொற்கொல்லன்:
வரி என்பது எண். எண்மேல் எண் ஏறினால் மிகை. யதார்த்தத்தின் மேல் எத்தனை சதவீதம் ஏற்றப் போகிறீர்கள்? 'மீ' என்றால் மேலே, இடத்தைச் சொல்வது. மீமிசை ஞாயிறு பள்ளியில் படித்ததில்லையா? அந்த 'நனவு' இன்னும் மோசம். கனவும் நனவும் கரைந்து ஒன்றாகும் நிலைக்குத்தான் சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கிய பிரெத்தோன் 1924 அறிக்கையில் அந்தப் பெயரைக் கொடுத்தார். உள்ளே இருப்பது எப்படி எதிர்ச்சொல் ஆகும்?

பழைய பஞ்சாங்கம்:
இரவல் சொல்லுக்குச் சண்டை எதற்கு? வியப்பைச் சொல்லும் மருட்கை இருக்கிறது. தொல்காப்பியம் அதற்கு நான்கு காரணம் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கூடினாலும் குறைந்தாலும் மருட்கைதான், உங்கள் மிகைத் தகராறு அங்கேயே முடிந்தது. மருளுக்கு எதிர் தெருள், அதாவது தெளிவு. அப்புறம் இருவரும் 'எதார்த்தம்' என்று எழுதப் பழகுங்கள். "ஆவோடு அல்லது யகரம் முதலாது" என்கிறது தொல்காப்பியம்: 'யா' தவிர வேறு யகரத்தில் சொல் தொடங்காது.

சொற்கொல்லன்:
மருட்கை பார்ப்பவனுக்கு வருவது, படத்தின் குணம் அல்ல. முதல்முறை யானை பார்க்கும் குழந்தைக்கும் மருட்கைதான். யானை என்ன மீயதார்த்தமா? யகரத்தை அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ ஆறோடும் நன்னூல் விட்டுவிட்டது. அதற்கும் முன்பே சங்கப் பாட்டில் யவனர் வந்து இறங்கியாச்சு ஐயா.

பழைய பஞ்சாங்கம்:
யவனர் அயலார். அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது உங்களுக்குத்தான் தோன்றும்.

புதுவரவு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு கதையில், ஆளில்லாத பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி ஒருவர் பெயரைச் சொல்லி அழைக்கிறது. விமர்சனத்தில் என்ன சொல் போடலாம்?

சொற்கொல்லன்:
யார் திடுக்கிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கதைமாந்தரே அஞ்சினால் அமானுஷ்யம். "என்னைத்தான் கூப்பிடுது" என்று அவர் சாதாரணமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனால், ஊரும் கண்டுகொள்ளாவிட்டால், மாய யதார்த்தம். காரணகாரியமே அறுந்து, அடுத்த வரியில் பேருந்து மீனாகி நீந்தினால் மீயதார்த்தம். அரிதாக நடப்பது மட்டும் என்றால் விநோதம் போதும். எல்லாவற்றுக்கும் 'விசித்திரம்' போடுவதுதான் வழக்கமான சறுக்கல். வாசகருக்கு ஒன்றும் தெரியாது. எதிர்ச்சொல்லும் ஒன்றல்ல. விநோதத்துக்கு வழமை, அமானுஷ்யத்துக்கு இயல்பு, மீயதார்த்தத்துக்குத் தர்க்கம்.

மழைக்குருவி:
பாடம் அருமை. மிகைவரிக்குப் பதில் எங்கே? வழக்கில் உள்ள ஒரு 'மீ' காட்டுங்கள்.

சொற்கொல்லன்:
மீயொலி, அல்ட்ராசவுண்ட்.

மழைக்குருவி:
20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மீயொலி. எண்மேல் எண்! நீங்களே சொன்ன கணக்கில் அது மிகையொலி அல்லவா?

சொற்கொல்லன்:
அது காதின் எல்லையைத் தாண்டுகிறது. எல்லைக்கு அப்பால், புரிகிறதா? 'படிமமா குறியீடா' இழையிலும் இப்படித்தான் ஒரே ஆணியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

மழைக்குருவி:
அங்கேயும் பதில் வரவில்லை. மிகைவரி?

பழைய பஞ்சாங்கம்:
எதார்த்தம். எ.

சொற்கொல்லன்:
யவனர்!