இலங்கை மலைநாட்டுக் குளிரில் நாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டுவது?

கேள்வி (தலவாக்கலை)

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயதுள்ள ஆண் நாய் ஒன்று இருக்கிறது. பொமரேனியன் கலப்பு என்பதால் உடம்பு முழுவதும் அடர்ந்த வெள்ளை முடி. லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசல் சேறெல்லாம் அதன் வயிற்றில்தான் ஒட்டியிருக்கும். ஞாயிறுதோறும் தண்ணீர் விழும் பீலிக்குக் கொண்டுபோய், நாங்கள் உடம்புக்குப் போடும் சவர்க்காரத்தையே போட்டுக் குளிப்பாட்டுவது இரண்டு வருட வழக்கம். வைகாசியில் மழை பிடித்ததிலிருந்து, குளிப்பாட்டிய மறுநாளே புளித்த வாடை வருகிறது. முதுகில் பொடுகு போல வெள்ளைச் செதில் உதிர்கிறது. இரவெல்லாம் பின்காலால் சொறிந்துகொண்டே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்ட வேண்டும் என்கிறார் அம்மா. இந்தக் குளிரில் குளிப்பாட்டவே கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஹட்டன்)

மகள், நாற்பது வருடமாக நாய் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தோலில் நோயில்லாத நாய்க்கு மாதத்துக்கு ஒருமுறை குளிப்பு போதும். மழைக்காலத்தில் அது ஆறு வாரமானாலும் பாதகமில்லை. நாயின் தோலில் ஊறும் எண்ணெய்தான் அதற்கு மழைக்கோட்டும் கம்பளியும். வாரந்தோறும் அதைக் கழுவி எடுத்துவிட்டால் தோல் வறண்டு, செதில் விட்டு, அரிப்பெடுக்கத்தான் செய்யும்.

அதைவிட முக்கியமானது சவர்க்காரம். அமிலம், காரம் காட்டும் pH கணக்கில் நம்முடைய தோல் 5.5 அளவில் சற்று அமிலத் தன்மையோடு இருக்கும். நாயின் தோல் நடுநிலையான 7ஐ ஒட்டியிருக்கும். குளியல் சவர்க்காரக் கட்டிகள் பெரும்பாலும் 9, 10 என்ற அளவில் காரத் தன்மை உடையவை என்பதால் நமக்கே தோல் இழுக்கிறது. வாரந்தோறும் அதைத் தேய்த்து, அடர்ந்த முடிக்குள்ளிருந்து முழுவதும் அலசி எடுக்கவும் முடியாமல் போனால் அந்தப் பிராணி என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்கென்று விற்கும் ஷாம்பு ஒரு போத்தல் வாங்கினால், மாதம் ஒருமுறைக் குளிப்புக்கு நெடுநாள் வரும்.

பதில் (பண்டாரவளை)

ஐயா சொன்ன கணக்கை நானும் ஏற்கிறேன். ஆனால் நம்முடைய மலைகளில் நாட்கணக்கைவிடப் பெரிய கேள்வி, குளிப்பாட்டிய நாயை அன்றே எலும்பு வரை காய வைக்க முடியுமா என்பதுதான். ஆடி மாதத்தில் எங்கள் ஊவாப் பக்கம் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதே நாளில் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் இறங்கும். ஒரே மலைநாடு என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாட்காட்டியை மாட்ட முடியாது, சகோதரி.

பொமரேனியன் சாயல் உள்ள நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேல்முடியைத் தொட்டால் காய்ந்தது போலவே தெரியும். விரலால் பிளந்து அடியில் இருக்கும் பஞ்சுமுடியைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று ஈரம் இருக்கும். எங்கள் நாய்க்கு ஒருமுறை இப்படித்தான் ஏமாந்தேன். மாலை நான்கு மணிக்குக் குளிப்பாட்டி, மேலோடு துடைத்துப் படுக்க விட்டேன்; விடிந்து பார்த்தால் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் குற்றி அளவு முடி கழன்று, சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. ஈரம் தங்கிய இடத்தில் கிருமி பெருகி, நாய் சொறிந்து சொறிந்து ஒரே இரவில் உண்டாக்கிய புண் அது. உங்கள் வீட்டுப் புளித்த வாடைக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். தோலில் வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஈரத்தில் பெருகி அந்த வாடையைத் தருகின்றன என்பதால், வாடை வருகிறதென்று மேலும் மேலும் குளிப்பாட்டி அரைகுறையாகக் காய விட்டால் வாடை கூடுமே தவிரக் குறையாது.

நான் இப்போது செய்வது இதுதான். முதலில் காய்ந்த முடியைச் சீப்பால் வாரிச் சிக்கெடுப்பேன், ஏனென்றால் நனைந்த சிக்கு காய்ந்தால் கம்பளி போல இறுகிவிடும். காலை பத்து மணிக்கு மேல், மிலாறு (காய்ந்த தேயிலைக் குச்சி) எரித்துக் காய்ச்சிய வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, முழங்கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கும் அளவுக்கு வைத்துக்கொள்வேன். பீலித் தண்ணீர் நடுப்பகலிலும் சில்லிடுவதால் அதை நேராக ஊற்றுவதில்லை. காதுகளில் பஞ்சு வைத்து, தலைக்கு ஊற்றாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். நுரை போன பின்னும் இரண்டு வாளி ஊற்றி அலசுவேன். பிறகு பழைய பருத்திச் சேலையைக் கிழித்து வைத்திருக்கும் துண்டுகள் மூன்று நான்கு மாற்றி, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு என்று ஒற்றி எடுப்பேன். குசினி அடுப்புக்குப் பக்கத்தில், புகை அடிக்காத தூரத்தில், அடிமுடி காயும் வரை உட்கார வைப்பேன். இத்தனையும் செய்ய முடியாத மழை நாளில் குளிப்பைத் தள்ளிப் போட்டு, காலையும் வயிற்றையும் மட்டும் கழுவித் துடைப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அக்கா சொன்னது போல முடியைப் பிளந்து பார்த்தேன். நேற்று முன்தினம் குளித்த நாய்க்கு இன்னும் அடியில் ஈரம் இருக்கிறது, மனது கஷ்டமாகிவிட்டது. பார்க்கும்போதே கழுத்தடியில் உண்ணி மூன்றும், விரலிடுக்கில் அட்டை கடித்த தழும்பும் கண்டேன். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசிக் குளிப்பாட்டினால் போதும் என்கிறார்களே, செய்யலாமா?

பதில் (நுவரெலியா)

தயவு செய்து செய்ய வேண்டாம். மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். மண்ணெண்ணெய் பூசித் தோல் வெந்து வரும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். நாய் அதை நக்கி வாந்தி எடுக்கும்போது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

குளிப்பால் உண்ணி ஒழியாது. இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் புல்லிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் ஊற வையுங்கள், சுவர் வெடிப்புகளைச் சாந்து பூசி அடையுங்கள். ஒட்டியிருப்பதைத் தோலோடு ஒட்டினாற்போல் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து எடுக்கலாம். பிடரியில் விடும் சொட்டு மருந்தை நாயின் எடைக்கேற்ப மிருக வைத்தியர் தருவார். அது தோலின் எண்ணெயோடு சேர்ந்தே பரவுவதால், மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. உண்ணி கண்ட நாய் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் பிளேன்டீ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போனால் அது இரத்தத்தில் பரவும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

செதிலும் சொறியும் குளிப்பைக் குறைத்து மூன்று வாரமாகியும் நிற்காவிட்டால், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி வகைகளும் இதே போல் அரிப்பை உண்டாக்கும். அப்போது வைத்தியர் மருந்து ஷாம்பு கொடுத்து வாரம் ஒருமுறையோ இருமுறையோ குளிப்பாட்டச் சொன்னால், மேலே சொன்ன மாதக் கணக்கை விட்டுவிட்டு அவர் சொல்வதையே கேட்க வேண்டும்; நுரையைப் பத்து நிமிடம் ஊற விட்டு அலசுவதும் அதில் அடக்கம்.

பதில் (மஸ்கெலியா)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புல் சாக மருந்தடித்த தேயிலை மலைக்குள் நாய் புகுந்து வந்தால் மழையோ குளிரோ பார்க்காமல், அது காலை நக்குவதற்கு முன்பே பிடித்துக் கால், வயிறு, வால் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்து, அன்று முழுவதும் நாயைக் கட்டியே வைக்கிறோம்.