மறு: ராயல்டிக்குத் தமிழ்? (வியாழன் மாலைக்குள் தேவை)

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். முதலீட்டு மாத இதழ் ஒன்றுக்காக, கைபேசி, கணினிச் சில்லுகளை (chip) வடிவமைக்கும் ஆர்ம் (Arm) நிறுவனம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். 1990-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய காலத்திலிருந்து அது பிழைத்து வந்தது சில்லின் வடிவமைப்பை விற்று. வாங்குபவர் முதலில் ஒரு தொகை கட்டி உரிமம் பெறுவார். பிறகு விற்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு சிறு தொகை தருவார்; இதுதான் ராயல்டி. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஆர்மின் வருமானம் 400 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை. ஆர்மே சொந்தச் சில்லு போட்டால் இது என்னாகும் என்றுதான் சிறு முதலீட்டாளர்கள் ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2025 ஜூலை இறுதியில், அந்தப் பக்கமும் முதலீடு போகிறது என்று தலைமைச் செயல் அதிகாரி ரெனே ஹாஸ் சொன்னதும் பங்கு விலை சரிந்தது.

முதல் தொகைக்கு ‘உரிமக் கட்டணம்’ என்று வைத்துவிட்டேன். இரண்டாவதற்கு ‘உரிமத்தொகை’ என்றால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. உதவுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):
ராயல்டி என்பதே அரசனுக்குரியது என்ற பொருளில் பிறந்தது. சுரங்கத்தில் வெட்டி எடுத்ததில் மன்னனுக்கு ஒரு கூறு. எனவே வேந்து + உரிமை = வேத்துரிமை. மருந்து + பை மருத்துப்பை ஆவதுபோல மென்தொடர் வன்தொடராகிறது. சிலம்பில் வேத்தியல், பொதுவியல் என்று கூத்து இருவகையாக வருவதை அனைவரும் அறிவீர்கள். சொல்லும் பழையது, புணர்ச்சியும் வழுவற்றது.

பொறியாளர், பெங்களூர்:
ஐயா, இலக்கணத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் என் அலுவலகத் தமிழர்கள் இதை ‘வேற்றுரிமை’ என்று படித்துவிட்டு வேறு யாருடைய உரிமை என்று கேட்பார்கள். ‘உரிமப்பங்கு’ போதாதா?

மொழிபெயர்ப்பாளர்:
பங்குச்சந்தை இதழில் அது ஆபத்து. “ஆர்மின் உரிமப்பங்கு உயர்ந்தது” என்று எழுதினால், விலை ஏறிவிட்டது என்று வாசகர் வாங்கப் போய்விடுவார்.

உறுப்பினர், மன்னார்குடி:
நம் ஊரிலேயே இந்த இரண்டுக்கும் சொல் இருக்கிறது. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். வாரம் என்றால் கண்டுமுதலில் ஒரு கூறு. களத்தில் நெல் இல்லையென்றால் நிலக்காரருக்கும் இல்லை. உரிமக் கட்டணம் குத்தகைபோல முன்கூட்டிப் பேசிய தொகை. ராயல்டி வாரம். நிலக்காரருக்கு வரும் வாரத்துக்கு மேல்வாரம் என்றும் உழுபவர் வைத்துக்கொள்வதற்குக் குடிவாரம் என்றும் பெயர் இருந்ததே! சில்லு விற்பனையில் ஆர்முக்கு மேல்வாரம்.

உங்கள் கட்டுரை முழுவதுமே இதற்குள் வந்துவிடும். நிலக்காரர் தானே பண்ணை வைத்து உழப்போகிறார் என்ற பேச்சு எழுந்தால், வாரத்துக்கு உழுபவர்கள் என்ன நினைப்பார்கள்? வேறு நிலம் தேடுவார்களா? முதலீட்டாளர்களின் அச்சம் அதுதான். ஆர்மிடம் உரிமம் வாங்கிச் சில்லு செய்யும் குவால்காம் மீதான வழக்கும் அப்படியே. நூவியா என்ற சில்லு நிறுவனம் ஆர்மிடம் எடுத்த குத்தகை, அதாவது உரிமம், 2021-இல் நூவியாவை வாங்கிய குவால்காமுக்குச் செல்லுமா என்பதே தகராறு. ஆர்ம் 2022-இல் வழக்குப் போட்டது. குவால்காமின் சில்லுகளுக்கு அதன் சொந்த உரிமமே போதும் என்று 2024 டிசம்பரில் அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) சொன்னது.

உறுப்பினர், டொராண்டோ:
தம்பி, மேல்வாரம் நல்லாயிருக்கு. ஆனால் அதுக்கு முன்னால் ‘சில்லு’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் சில்லு எண்டால் சக்கரம். சைக்கிள் சில்லு, கார்ச் சில்லு. “ஆர்ம் சொந்தச் சில்லு போடுது” எண்டு என்ர அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினால் டயர்க் கொம்பனி எண்டுதான் விளங்கும்.

தமிழாசிரியர் (ஓய்வு):
அம்மா, ‘சில்’ என்ற அடி சிறுமையைக் குறிப்பது. சில, சில்லு, சில்லறை எல்லாம் அதன் வழி வந்தவை. ஓட்டுச் சில்லும் சிறு துண்டு. சிறுமியர் ஆடும் சில்லுக்கோடும் அதனால் வந்ததே. சக்கரப் பொருள் பின்னர் ஏறியிருக்க வேண்டும்.

பொறியாளர், பெங்களூர்:
ஐயா, வியாழன் நெருங்குகிறது. மேல்வாரத்தில் எனக்குள்ள சிக்கல்: இன்று வாரம் என்றால் ஏழு நாள். “மேல்வாரம் 2 சதவீதம்” என்றால் வாராவாரம் வட்டியா என்பார்கள்.

உறுப்பினர், டொராண்டோ:
எங்களுக்கு அது கிழமை. வாரம் குழப்பாது.

உறுப்பினர், மதுரை:
எனக்கு வேறு தடை. என் தாத்தா ஜமீன் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர். மேல்வாரம் என்ற சொல் எங்கள் வீட்டில் எப்படி உச்சரிக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு வடிவமைப்பாளரின் உழைப்புக்குத் தரும் விலையை அந்தப் பெயரால் அழைக்க மனம் ஒப்பவில்லை. உழாமல் வாங்கியதல்லவா மேல்வாரம்? ஆர்மில் பொறியாளர்கள் உழைக்கிறார்கள்.

உறுப்பினர், மன்னார்குடி:
உங்கள் வலி புரிகிறது. ஆனால் ராயல்டி மட்டும் உழைத்தவன் பெயரிலா இருக்கிறது? அதுவும் மன்னன் எடுத்ததுதானே.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. இழையிலும் தனிமடலிலும் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘ராயல்டி’யே இருக்கட்டும் என்கிறார்கள். பொறுப்பாசிரியரும் அதையே கேட்கிறார். முதல் பத்தியில் குத்தகை, வாரம் விளக்கத்தை இரண்டு வரியில் சேர்க்கிறேன். இத்தனை பேர் பேசியதில் வாசகருக்கு உடனே விளங்கப்போவது அதுதான். சில்லு அப்படியே இருக்கும்.

தமிழாசிரியர் (ஓய்வு):
நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்க. விளக்கத்துக்குத் தமிழ் வேண்டும், பெயருக்கு வேண்டாமா? விளக்க முடிந்த பொருளுக்குப் பெயர் வைக்கவும் முடியும். வேத்துரிமை வேண்டாமென்றால் மேல்வாரமாவது இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிந்துகொண்டேன் ஐயா. இன்னொன்று, இதுவும் இன்றே தேவை. ஆர்மின் உள்கருவை (core, சில்லுக்குள் கணக்கிடும் பகுதி) அப்படியே வாங்கிப் பயன்படுத்துவது ஒருவகை உரிமம். ஆப்பிள், குவால்காம்போல ஆர்மின் கட்டளைத்தொகுதிக்கு (instruction set, சில்லு புரிந்துகொள்ளும் கட்டளைகள்) மட்டும் உரிமம் வாங்கி உள்கருவைத் தாமே வடிவமைப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குக் ‘கட்டமைப்பு உரிமம்’ (architecture licence) என்று எழுதினேன். வீடு கட்ட நகராட்சி தரும் அனுமதி போலிருக்கிறது என்கிறார் பொறுப்பாசிரியர். என்ன போடலாம்?