பழைய கார்ட்டூன் தொடர்கள் அகலத்திரையில் வெட்டுப்பட்டும் இழுபட்டும் தெரிவது ஏன்?

கேள்வி: கீழக்கரை படிப்பகம்

எங்கள் தெருப் படிப்பகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் தொடர்களைத் திரையிட்டு வருகிறோம். அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே இத்தனை காலமும் அதற்குப் பயன்பட்டது. அண்மையில் துபாயில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 43 அங்குல எச்.டி. தொலைக்காட்சி ஒன்றை வாங்கித் தந்தார். புதிய தொடர்கள் அதில் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. ஆனால் முன்பு சுட்டி டிவியில் தமிழில் வந்த ஜாக்கி சான் சாகசங்கள், டாம் அண்ட் ஜெர்ரி போன்ற பழையவற்றைப் போட்டால் ஒரு சமயம் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. இன்னொரு சமயம் ஆட்கள் குட்டையாகவும் பருமனாகவும் தெரிகிறார்கள். வேறொரு சேனலில் நெற்றிக்கு மேல் தலையே இல்லை.

படிப்பகக் குழுவில் சிலர், இவ்வளவு பெரிய டிவி இருக்கும்போது இரு ஓரத்தையும் கறுப்பாக விடுவது வீண் என்று சொல்லி, ரிமோட்டில் ஸூம் வைத்துவிடுகிறார்கள். அந்தத் தொடர்கள் உண்மையில் எந்த வடிவத்தில் வரையப்பட்டன, கார்ட்டூன்கள் எப்போது அகலத்திரைக்கு மாறின, நாங்கள் எந்த அமைப்பை வைத்துக்கொள்வது சரி என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: மண்டபம் கேபிள்

பாய், நான் மண்டபம் பகுதியில் பல ஆண்டுகளாகக் கேபிள் தொழிலில் இருப்பவன். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பழைய தொலைக்காட்சிப் படத்தின் அகலமும் உயரமும் 4:3 என்ற விகிதத்தில் இருந்தன. ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து வந்த தூர்தர்ஷன் படமும், அதற்கு முன்பு நம் கடற்கரை ஊர்களில் கூரைக்கு மேல் உயரமாக ஆண்டெனா கட்டிப் பிடித்த இலங்கை ரூபவாஹினிப் படமும் இதே வடிவம்தான். இப்போதைய திரை 16:9. ஆகவே 4:3 படத்தை அகலத்திரையில் காட்ட மூன்று வழிகளே உள்ளன. அப்படியே வைத்தால் திரையின் கால் பங்கு பக்கத்துக்குப் பாதியாகக் கறுப்பாக நிற்கும். ஸூம் செய்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கு மேலும் கீழுமாகப் போய்விடும். இழுத்து நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். நீங்கள் பார்த்த குட்டை ஆட்கள் அப்படி வந்தவர்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இந்த வேலையை மூன்று இடங்களில் செய்யலாம்: சேனல்காரர்கள் ஒளிபரப்பும் இடத்திலேயே செய்துவிடலாம், செட்டாப் பாக்ஸ் செய்யலாம், தொலைக்காட்சியும் செய்யலாம். பாக்ஸ் இழுத்து அனுப்பும் படத்தை டிவியில் 4:3 வைத்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் சேனலே வெட்டி அனுப்பியிருந்தால், தலையைத் திரும்பக் கொண்டுவர உங்கள் ரிமோட்டில் எந்தப் பொத்தானும் கிடையாது.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. படத்தில் வட்டமான ஏதாவது ஒன்று, முழு நிலாவோ பந்தோ வரும்போது நிறுத்தி, அளவுகோலைத் திரைமேல் வைத்து அளந்து பாருங்கள். அகலம் 16 சென்டிமீட்டரும் உயரம் 12 சென்டிமீட்டருமாக இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. வட்டம் வட்டமாகவே இருந்து, பழைய தொடராகவும் இருந்து, பக்கங்களில் கறுப்பும் இல்லையென்றால், மேலும் கீழும் வெட்டப்பட்டிருக்கிறது. வட்டமும் சரியாக இருந்து கறுப்புப் பட்டையும் இருந்தால், அதுதான் முழுப் படம். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வீண் என்று சொல்லும் குழுவினருக்கு இன்னொரு கணக்கையும் காட்டலாம். 43 அங்குலத் திரையில் இரு பக்கமும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் கறுப்பாக விட்ட பிறகும், நடுவில் நிற்கும் படம் 71 சென்டிமீட்டர் அகலமும் 53 சென்டிமீட்டர் உயரமும் உடையது. உங்கள் பழைய 14 அங்குலப் பெட்டியின் படத்தைவிட அது ஆறு மடங்குக்கும் மேல் பெரியது.

பதில்: பேக்ரவுண்டு ஓவியர்

அண்ணன், என் சொந்த ஊர் உச்சிப்புளி. இப்போது சென்னையில் ஓர் அனிமேஷன் கூடத்தில் பின்னணி ஓவியம் வரைகிறேன். மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் சரி. வரைகிறவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் கார்ட்டூனில் வெட்டு விழுவது வேறு படங்களில் விழுவதைவிடக் கொடுமையானது. கேமராவால் எடுக்கும் படத்தில் சட்டத்துக்குள் தற்செயலாக வந்து நிற்கும் பொருள்கள் நிறைய இருக்கும். கார்ட்டூனில் தற்செயல் என்பதே இல்லை. மேல் மூலையில் ஒரு குழாய் இருக்கிறதென்றால், அது அங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்து, இன்னொருவர் வரைந்து, வேறொருவர் வண்ணம் தீட்டியிருக்கிறார்.

குழாய் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1993இல் வந்த ஓர் அத்தியாயத்தில் பீர் ஆலையைச் சுற்றிக் காட்டும் காட்சி உண்டு. மூன்று பெரிய கலன்களில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெயர்கள் எழுதியிருக்கும். மேலே பார்த்தால் ஒரே குழாய்தான் மூன்றையும் நிரப்பிக்கொண்டிருக்கும். நகைச்சுவை முழுவதும் அந்தக் குழாயில் இருக்கிறது. டிஸ்னி பிளஸ் என்ற இணையவழிப் படச் சேவை 2019 நவம்பரில் தொடங்கியபோது பழைய சிம்ப்சன்ஸ் அத்தியாயங்களை 16:9 வடிவத்துக்கு வெட்டி வெளியிட்டார்கள். குழாய் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மீதமிருந்தது மூன்று கலன்கள் மட்டும். ரசிகர்கள் இதையே எடுத்துக்காட்டி முறையிட்ட பிறகு, 2020 மே மாதத்தில் பழைய வடிவிலும் பார்த்துக்கொள்ள வழி செய்தார்கள். அந்த முறையீட்டைச் செய்தவர்களுக்கு வரைகிற ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டும் என்பேன்.

மாற்றம் எப்போது நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர்கள் நடிக்கும் தொடர்கள் பல முன்பே எச்.டி.க்கு வந்துவிட்டன; கார்ட்டூன்கள் பின்னால்தான் வந்தன. ஓர் அத்தியாயம் ஸ்டோரிபோர்டிலிருந்து (காட்சிகளைச் சிறு படங்களாக வரைந்து பார்க்கும் முதல் கட்டம்) ஒளிபரப்பு வரை வந்து சேரப் பல மாதங்கள் ஆகும் என்பதாலும், சட்டம் அகலமானால் லேஅவுட் (சட்டத்துக்குள் எது எங்கே என்ற அமைப்பு), பின்னணி என ஒவ்வொன்றையும் புதிய அளவில் திட்டமிட வேண்டும் என்பதாலும், நினைத்த நாளில் மாறிவிட முடியாது. சிம்ப்சன்ஸ் 20ஆம் பருவத்தின் நடுவே, 2009 பிப்ரவரி 15 அன்று அகலத்திரைக்கு மாறியது. அதற்காகத் தொடக்கக் காட்சியையே புதிதாக வரைந்தார்கள். அடுத்த மாதமே சவுத் பார்க் மாறியது. ஃபேமிலி கை 2010 செப்டம்பரில் மாறியது. 1999இல் தொடங்கிய ஸ்பாஞ்ச்பாப் 2012இல்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு (டிஜிட்டலுக்கு முந்தைய பழைய முறை) 2009 ஜூன் 12 அன்று நிறுத்தப்பட்டது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் காலம் பொருந்தி வருவது புரியும்.

இவற்றுள் சவுத் பார்க் தனி வகை. (அது பெரியவர்களுக்கான தொடர், படிப்பகத்தில் போட வேண்டாம்.) 1997இல் வந்த அதன் முதல் அத்தியாயம் காகிதத்தை வெட்டி ஒட்டி எடுக்கப்பட்டது, பின்னர் வந்தவை கணினியில் செய்யப்பட்டன. கணினிக் கோப்புகள் கையில் இருந்ததால், பழைய பருவங்களையும் அகலமான சட்டத்தில் எச்.டி.யாகப் புதிதாக உருவாக்கிக்கொள்ள முடிந்தது. அங்கே எதையும் வெட்டவில்லை. பக்கங்களில் கூடுதல் படமே சேர்ந்தது.

கையால் வரைந்து படச்சுருளில் எடுத்த தொடர்களுக்கு நிலைமை வேறு. 35 மி.மீ. படச்சுருள் பத்திரமாக இருந்தால் அதிலிருந்து உண்மையான எச்.டி. எடுக்கலாம். 1992இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடரை 2018இல் புளூ-ரேயில் வெளியிட்டபோது சுருளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்து, 4:3 வடிவத்தையும் மாற்றாமல் வைத்தார்கள். நான் பார்த்தவற்றில் மிகவும் மரியாதையான மறுவெளியீடு அது. எச்.டி. என்றால் அகலத்திரை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தெளிவும் வடிவமும் இரண்டு தனி விஷயங்கள், 4:3 படமும் முழு எச்.டி.யாக இருக்கலாம். சுருளை விட்டுவிட்டு வீடியோ நாடாவில் வைத்தே தொகுத்து முடித்த தொடர்களுக்கும், 2005இல் தொடங்கிய அவதார் கார்ட்டூன் தொடர் போலத் தொடக்கத்திலேயே குறைந்த தெளிவில் கணினியில் முடித்தவற்றுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. இருப்பதைப் பெருக்கித்தான் காட்ட முடியும். அதே உலகத்தின் அடுத்த கதையான கோரா 2012இல் வந்தபோது முதலிலிருந்தே எச்.டி.யில், அகலமாக வரையப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பிள்ளைகளே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வித்தியாசம் கோடுகளில்தான் முதலில் தெரியும். நம் பழைய ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576, முழு எச்.டி.யில் 1080. பழைய படத்தில் மெல்லிய கிடைக்கோடு நடுங்கும் அல்லது காணாமல் போகும் என்பதால் தடித்த கோடுகளாக இழுத்தார்கள். பின்னணியில் ஒரு கூரையை வரைந்தால் ஓடு ஓடாகப் போடாமல் நாலு தீற்றலோடு விட்டுவிடலாம். இப்போது அப்படி விட்டால் வரைந்து முடிக்காத படமாகத் தெரிகிறது. நேற்று ஒரு மீன்பிடித் துறைக் காட்சிக்கு வலைக்குவியல் வரைந்தேன். முன்பு ஒரு பச்சை மேடு போதும், இப்போது கண்ணியும் மிதவைக் கட்டையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அகலம் கூடியதால் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நிரப்பவும் வேண்டும். வேலை கூடியிருக்கிறது, ஆனாலும் அந்த அகலம் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பேர் பேசும்போது முகத்துக்கு முகம் மாற்றி மாற்றி வெட்டாமல், இருவரையும் இடையில் உள்ள தூரத்தோடு ஒரே சட்டத்தில் நிறுத்த முடிகிறது.

பதில்: தொண்டி வாசகி

காக்கா, மேலே உள்ள விளக்கங்களை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஸூம் பொத்தானை அறவே தொடக்கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் எச்.டி. அல்லாத சாதாரணச் சேனல்களில் புதிய தொடர்களைப் பார்க்கும்போது நான்கு பக்கமும் கறுப்பு விழுந்து, படம் நடுவில் தபால்தலை அளவுக்குச் சுருங்கி நிற்பதுண்டு. கண் மங்கிய வாப்பாவுக்கு அதில் ஒன்றும் தெரிவதில்லை. அந்த இடத்தில் ஸூம் வைத்தால் எதுவும் வெட்டுப்படாமல் திரை நிறைகிறது. அதற்குக் காரணம் என்ன என்று ஓவியர் தம்பி சொன்னால் பலருக்கும் பயன்படும். இன்னொன்று, டாம் அண்ட் ஜெர்ரியில் சில மட்டும் ஏன் முதலிலிருந்தே அகலமாக இருக்கின்றன?

பதில்: பேக்ரவுண்டு ஓவியர்

சரியான இடத்தைத் தொட்டீர்கள், லாத்தா. அகலமான படத்தை 4:3 ஒளிபரப்புக்குள் அடக்க, சேனலில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து அனுப்புகிறார்கள். அந்த 4:3 முழுவதையும் உங்கள் அகலத்திரை இன்னொரு முறை அடக்கி, பக்கங்களிலும் பட்டை வைக்கிறது. அங்கே ஸூம் வெட்டுவது கறுப்பை மட்டும்தான், தாராளமாக வையுங்கள். வடிவம் மாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சிக்கல் எல்லா நாட்டிலும் இருந்தது. அகலத்தில் வரைந்தாலும், பழைய பெட்டியில் இரு பக்கமும் வெட்டிக் காட்டப்படும் என்பதை எதிர்பார்த்து, முக்கியமான அசைவுகளை நடுவிலுள்ள 4:3 பகுதிக்குள்ளேயே வைக்கும்படி ஓவியர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தக் காலத் தொடர்களில் ஓரங்கள் காலியாக இருப்பதை நீங்கள் கவனிக்கலாம்.

டாம் அண்ட் ஜெர்ரி தொலைக்காட்சிக்காக வரையப்பட்டதே அல்ல. 1940 முதல் திரையரங்குகளுக்காக எடுத்த குறும்படங்கள் அவை, வடிவம் ஏறத்தாழ 4:3. திரையரங்குகளில் சினிமாஸ்கோப் என்ற மிக அகலமான படமுறை பரவியபோது, 1954 முதல் 1958 வரையில் பல குறும்படங்களை அந்த அகலத்துக்கு வரைந்தார்கள். அவற்றைச் சிறிய பெட்டியில் காட்ட அன்று பக்கங்களை வெட்டினார்கள். அவற்றுக்கு முந்தையவற்றை இன்றைய திரைக்காக மேலும் கீழும் வெட்டுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்: கீழக்கரை படிப்பகம்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அளவுகோல் வைத்துப் பார்த்தோம். கேபிளில் வந்த பழைய தொடரில் பந்து ஒன்று அகலமாகவே இருந்தது. செட்டாப் பாக்ஸ் அமைப்பில் 4:3 வடிவத்தைக் காக்கும் வகையை வைத்ததும் வட்டமாகிவிட்டது. நெற்றி வெட்டுப்பட்ட சேனலில் என்ன செய்தும் மாற்றமில்லை, ஆகவே அது சேனலிலேயே வெட்டப்படுகிறது என்று முடிவுக்கு வந்தோம். ஆறு மடங்குக் கணக்கைக் கேட்டதும் குழுவினர் ஸூமை விட்டுவிட்டார்கள். பென் டிரைவில் இருந்து போடும்போது மட்டும் படம் இப்போதும் இழுபடுகிறது.

பதில்: மண்டபம் கேபிள்

பாய், பல தொலைக்காட்சிகளில் படவடிவ அமைப்பு ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கப்படும். செட்டாப் பாக்ஸ் இணைப்பில் நீங்கள் மாற்றியது பென் டிரைவுக்குப் பொருந்தாது. பென் டிரைவில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து, படவடிவத்தை அசல் அல்லது தானியங்கி என்று வையுங்கள். அப்போதும் இழுபட்டால் கோப்பிலேயே தவறான விகிதம் பதிந்திருக்கலாம். அந்தக் கோப்புக்கு மட்டும் 4:3 என்று கைமுறையாக வைத்து, அடுத்த தொடரைப் போடும் முன் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புதிய தொடர்களெல்லாம் ஒடுங்கித் தெரியும்.